இசக்கி கதைக்கு கிராபிக்ஸ் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெரிய பட்ஜெட் இல்லாமல் நல்ல பேய்ப் படம் எடுக்க முடியாது என்று உங்கள் ஞாயிறு மலரில் ஒரு கட்டுரை வந்திருந்தது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நான் வீரவநல்லூரில் மைக் செட் வைத்திருக்கிறேன். சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சிப் பக்கம் கோயில் கொடைத் திருவிழா என்றால் வில்லுப்பாட்டுக்கும், மகுடம் என்ற தோல்கருவியை அடித்து ஆடிப்பாடும் கணியான் கூத்துக்கும் மைக் கட்டுகிறவன். சத்தம் மனிதனை என்ன பாடுபடுத்தும் என்று கொஞ்சம் தெரியும்.

மலேசியாவில் 2019-இல் எமிர் எஸ்வான் 'ரோ' என்று ஒரு படம் எடுத்தார். அவருக்கு அது முதல் முழுநீளப் படம். செலவு சுமார் 3,60,000 ரிங்கிட். அன்றைய மதிப்பில் நம் பணத்துக்கு அறுபது லட்சத்தைச் சுற்றி வரும். காட்டுக்குள் ஒரு குடிசை, ஒரு தாய், இரண்டு பிள்ளைகள், எங்கிருந்தோ வந்து நிற்கும் ஒரு சிறுமி. இவ்வளவு வைத்துக்கொண்டு எடுத்த அந்தப் படத்தைத்தான் அந்த நாடு ஆஸ்கார் போட்டிக்கு அனுப்பியது. கோலாலம்பூரில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் சொல்லிப் பார்த்தேன். காட்டின் சத்தமே பாதிப் படம்.

மலாய்க்காரர்கள் சொல்லும் பொந்தியானாக், வயிற்றுப் பிள்ளையோடோ பிரசவத்திலோ செத்துப்போனவள். வாழைமரத்தில் குடியிருப்பாள். முதலில் பூவாசம் வரும், அப்புறம் பிணநாற்றம். அவள் அழுகை உரக்கக் கேட்டால் தூரத்தில் இருக்கிறாள். சன்னமாகக் கேட்டால் பக்கத்தில் வந்துவிட்டாள். இதைப் படமாக்க என்ன செலவு? சத்தத்தைக் குறைத்தால் போதும், பார்க்கிறவனுக்குக் குலை நடுங்கும். நம் படங்களிலோ பேய் வந்தால் ஸ்பீக்கர் கிழிகிறது.

சிங்கப்பூரில் 1957-இல் பொந்தியானாக்கைத் திரைக்குக் கொண்டுவந்தவர் யார் தெரியுமா? தமிழில் 'சாலிவாகனன்' எடுத்த பி. என். ராவ். மரியா மெனாடோ நடித்த அந்தப் படம் சக்கைப்போடு போட்டு, பின்னாலேயே இரண்டு பாகங்கள் வந்தன. முதல் படத்தின் பிரதி இன்று இல்லை என்பது பெரிய வருத்தம்.

நம்மிடம் மட்டும் கதை இல்லையா? நாங்கள் இசக்கியாகக் கும்பிடும் நீலியின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டியவன் கையால் செத்தவள், கள்ளிக் கொப்பை ஒடித்துப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊர்ப் பெரியவர்கள் முன்னால் போய் நியாயம் கேட்கிறாள். அந்தப் பிள்ளை இறங்கிப் போய் 'அப்பா' என்று அவன் மடியில் ஏறும். அந்த இடத்தைப் பாடும்போது வில்லுப்பாட்டைத் தலைமையேற்றுப் பாடும் எங்கள் பக்கத்து அண்ணாவி ஒருவர், வில்லைத் தட்டும் வீசுகோலை மடியில் வைத்துவிடுவார். தாளம் தட்டும் குடமும் நின்றுவிடும். உடுக்கை மட்டும் விட்டு விட்டு ஒலிக்கும். அப்போது நான் ஆம்ப்ளிஃபயரில் கை வைப்பதில்லை. பந்தலில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் தூங்குகிற பிள்ளையை இழுத்து அணைத்துக்கொள்வதைக் கண்ணால் பார்க்கிறேன். இதற்கு எந்த கிராபிக்ஸ் வேண்டும்?

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். இசக்கியும் சுடலையும் நமக்குப் பேய் இல்லை, கும்பிடுகிற சாமி. எத்தனையோ பேர் வீட்டில் குலதெய்வம். அவர்களை வைத்துக் காமெடி பண்ணாதீர்கள். போன கொடையில் யாரோ சில பையன்கள் சாமியாடியின் முகத்துக்கு நேராக லைட் அடித்துப் படம் பிடித்தார்கள். மனசு கொதித்துப்போனது. கோயில்காரர்களைக் கேளுங்கள், அண்ணாவிமாரிடம் உட்கார்ந்து கதையை முழுசாகக் கேளுங்கள், அப்புறம் கேமராவை எடுங்கள்.

பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் குறும்படம் எடுக்கும் தம்பி தங்கைகள் இதைப் படித்தால் வாருங்கள். பாடியவர்களின் சம்மதத்தோடு பதிவு செய்த வில்லுப்பாட்டும் மகுடமும் என்னிடம் இருக்கின்றன. அவர்களிடம் இன்னொரு முறை கேட்டுவிட்டுத் தருகிறேன். ராத்திரியில் ஆற்றங்கரைச் சத்தம் பிடிக்க வேண்டுமென்றால் மைக்கையும் எடுத்துக்கொண்டு நானே கூட வருகிறேன். வாடகை வேண்டாம்.

இப்படிக்கு,
மைக் செட் வைத்திருக்கும் வாசகர்,
வீரவநல்லூர், திருநெல்வேலி மாவட்டம்.