முருகேசனுக்கு: பட்லியாவை எப்போது, எவ்வளவு வெட்டுவது

ரெடிங்
பிப்ரவரி 9

அன்புள்ள முருகேசா,

கடிதமும் படங்களும் கிடைத்தன. நார்த்தாம்ப்டன் வீட்டில் பெட்டி பிரிக்கும் முன்பே தோட்டத்துப் பக்கம் உன் கண் போயிருக்கிறது. செல்விக்குப் புது வேலை பிடித்துவிட்டது என்று படித்ததில் எங்களுக்கும் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். சின்னவன் ஜிசிஎஸ்இ தேர்வுக்குப் படிக்கிறான், அதாவது படிப்பதாகச் சொல்கிறான்.

இனி உன் கேள்வி: தோட்டத்தில் நிற்கும் செடி என்ன, அதை வெட்டலாமா என்பது. வேலியோரம் பன்னிரண்டடி உயரத்துக்கு, கீழே வெறும் கட்டையும் உச்சியில் காய்ந்த பழுப்புக் கதிர்களுமாக நிற்கிறதே, அது பட்லியாவேதான், பட்டாம்பூச்சி தேடி வரும் பூப்புதர். பக்கத்து வீட்டுக்காரர் "களை, வேரோடு எடுங்கள்" என்றாராம். கார்டன் சென்டரில் "பட்டாம்பூச்சிக்கு இதைவிட நல்ல செடி இல்லை" என்றார்களாம். இரண்டு பேர் சொன்னதும் சரி. அது களையாவதும் செடியாவதும் நீ கத்தரியை எப்போது எடுக்கிறாய் என்பதில் இருக்கிறது. மார்ச்சில் கிளையை வெட்ட வேண்டும், கோடை முடிவில் வாடிய பூவை வெட்ட வேண்டும். இந்த இரண்டுக்கும் மனம் வராதவர்கள் பட்லியா வைக்காமல் இருப்பதே மேல்.

முதலில் மார்ச் வேலை. உன்னிடம் இருப்பது பட்லியா டேவிடி. அந்தந்த வருடம் விடும் புதுக்கிளையின் நுனியில்தான் அது பூக்கும். வெட்டாமல் விட்டால் போன வருட நுனியிலிருந்து இன்னும் மேலே கிளம்பும். பூ உன் தலைக்கு மேல் போய்விடும், கதிரும் வருடத்துக்கு வருடம் சிறுத்துக்கொண்டே வரும். நீ அனுப்பிய படத்தில் தெரிவது அதுதான். கடும் உறைபனி ஓய்ந்த பிறகு, உங்கள் பக்கத்தில் மார்ச் கடைசி வாரம் என்று வைத்துக்கொள், கவாத்து செய். தரையிலிருந்து ஒன்றரை, இரண்டடி உயரத்தில் ஐந்தாறு தடித்த கிளைகள் மட்டும் நிரந்தரமாக நிற்கட்டும். அவற்றிலிருந்து போன வருடம் கிளம்பிய ஒவ்வொரு கிளையையும், அடியில் இரண்டு மூன்று ஜோடி மொட்டு விட்டு வெட்டிவிடு. பென்சிலைவிட மெல்லிய கிளை எதுவும் வேண்டாம், அடியோடு எடு. ரோஜாவுக்குச் செய்வதுபோல் சாய்த்து வெட்டாதே. இதில் இலை எதிரெதிராக ஜோடியாக வரும், சாய்த்தால் ஒரு பக்கத்து மொட்டு அடிபடும். ஜோடிக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே நேராக வெட்டு. ஜூலைக்குள் அந்தக் குச்சிகள் உன் உயரத்தைத் தாண்டும்.

உன் செடிக்கு ஒரு விசேஷக் கவனம் வேண்டும். பல வருடம் கத்தரி படாத கிழட்டுத் தண்டு, ஒரேயடியாகத் தரைமட்டமாக வெட்டினால் சில சமயம் துளிர்க்காமலே போய்விடும். இந்த மார்ச்சில் பாதித் தண்டுகளை இரண்டடிக்குக் குறை, மீதியை அடுத்த மார்ச்சுக்கு வை. தடித்த கட்டைக்கு ரம்பம் வேண்டும். முதலில் அடிப்பக்கம் கால்வாசி அறுத்துவிட்டு, பிறகு மேலிருந்து அறு. இல்லாவிட்டால் கிளை முறிந்து விழும்போது பட்டையைக் கிழித்துக்கொண்டு போகும்.

"இப்போதே வெயில் அடிக்கிறது, துளிர் தெரிகிறது, வெட்டிவிடட்டுமா?" என்று கேட்டிருந்தாய். பொறு. பிப்ரவரி வெயிலை நம்பி வெட்டினால், வரும் புதுத்தளிரை மார்ச் பனி கருக்கிவிடும். செடி சாகாது, ஆனால் மறுபடி முதலிலிருந்து துளிர்க்க வேண்டும். இலையுதிர் காலத்திலும் முழுக் கவாத்து கூடாது. குளிர் வெட்டுவாய் வழியாக இறங்கிக் கிளையை அடிவரை காயவைக்கும். நவம்பரில் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு குறைத்தால் போதும். அதுவும் காற்று செடியைப் பிடித்து ஆட்டி வேரைத் தளர்த்தாமல் இருக்கத்தான்.

இன்னொரு சூட்சுமம். இரண்டு செடி இருந்தால் ஒன்றை மார்ச் கடைசியிலும் மற்றதை ஏப்ரல் கடைசியிலும் வெட்டு. தாமதமாக வெட்டியது சில வாரம் பிந்திப் பூக்கும், செப்டம்பரிலும் பட்டாம்பூச்சிக்குத் தேன் இருக்கும்.

இந்த மார்ச் கணக்கு டேவிடிக்கும் அதன் கலப்புகளுக்கும்தான். கார்டன் சென்டரில் ஆரஞ்சு நிற உருண்டைப் பூவோடு பட்லியா குளோபோசா விற்பார்கள். மெல்லிய கிளை வளைந்து தொங்கும் ஆல்டர்னிஃபோலியாவும் கிடைக்கும். இவை இரண்டும் கோடைத் தொடக்கத்தில், போன வருடக் கிளையில் பூப்பவை. அவற்றை மார்ச்சில் வெட்டினால் அந்த வருடப் பூவை நீயே வெட்டிப் போட்டாய் என்று அர்த்தம். பூ முடிந்த கையோடு லேசாக ஒழுங்கு செய்தால் போதும். பட்லியா வாங்கியவர்களில் "மூன்று வருடமாகப் பூக்கவே இல்லை" என்று புலம்புகிறவர்களுக்குப் பாதி நேரம் இதுதான் காரணம்.

இனி பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன விஷயம். வாடிய கதிரில் பட்லியா லட்சக்கணக்கில் விதை விடும், தூசி மாதிரி, காற்றில் பறக்க வசதியாக. ஊர் சீனா, அங்கே ஆற்றோரச் சரளையிலும் பாறைச் சரிவிலும் வளர்வது. செங்கல் இடுக்கின் சுண்ணாம்புக் காரையும் ரயில் பாதைச் சரளையும் அதற்குப் பிறந்த வீடு போலத் தோன்றும் போலிருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்த லண்டன் மனைகளில் ஊதாப் பூவாக மண்டியதும் இதே செடிதான். இன்றைக்கும் லண்டன் யூஸ்டன் நிலையத்துக்கு ரயிலில் போனால் பாதையோரம் முழுக்கப் பார்க்கலாம். அமெரிக்காவில் ஒரேகன் மாநிலம் இதைக் களைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது; மிகக் குறைவாக விதை விடும், அனுமதி பெற்ற ரகங்களை மட்டுமே அங்கே விற்கலாம். இங்கே வீட்டில் வைக்கத் தடை கிடையாது. ஆகையால் பொறுப்பு நம்முடையது.

செய்ய வேண்டியது சுலபம். கதிர் முக்கால்வாசி பழுப்பானதும், கீழே உள்ள இலை ஜோடிக்கு மேலே வெட்டு. அந்தக் கணுவிலிருந்து பக்கக் கிளைகள் வந்து மறுபடி பூக்கும், உனக்கும் லாபம். பூக்கும் காலத்தில் வாரம் ஒரு தடவை ஒரு சுற்று போனால் போதும். செப்டம்பர் கடைசியில் மிச்சம் உள்ள எல்லாக் கதிரையும் எடுத்துவிடு. விதைக்காய் குளிர்காலத்தில் காய்ந்து வெடித்துத்தான் பரவும், அதற்குள் முந்திக்கொள்ள வேண்டும். வெட்டியதை வீட்டு மக்குத் தொட்டியில் போடாதே, அதில் விதையைக் கொல்லும் சூடு வராது. கவுன்சிலின் தோட்டக் கழிவுத் தொட்டியில் போடு.

உன் மூன்றாவது படத்தில், சமையலறைச் சுவரில் மழைநீர்க் குழாய்க்குப் பின்னால் ஒரு சாம்பல் பச்சைப் பட்லியாக் கன்று தெரிகிறது பார். அதற்கு மார்ச் வரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே பிடுங்கு. ஒரு சாண் உயரத்தில் கையோடு வரும். இரண்டு வருடம் போனால் வேர் காரைக்குள் இறங்கிவிடும், இழுத்தால் செங்கல்லும் கூட வரும். அப்போது வெட்டிய கையோடு, ஈரம் காயும் முன், அடிக்கட்டையில் கட்டைக்கொல்லி மருந்தைத் தூரிகையால் தடவுவது ஒன்றே வழி.

புதிதாக இன்னொன்று வைக்க வேண்டும் என்று செல்வி கேட்டாளே. நாளுக்கு ஆறு மணி நேரம் வெயில் விழும் இடமாக, சுவரிலிருந்து ஆறடி தள்ளித் தேர்ந்தெடு. ஏப்ரலில் நடு. குழி தொட்டியைப் போல் இரண்டு மடங்கு அகலம், ஆழம் தொட்டி அளவுதான். உங்கள் பக்கம் களிமண். குழிக்குள் மட்டும் சரளையைக் கொட்டாதே. சுற்றிலும் உள்ள களிமண்ணிலிருந்து தண்ணீர் அந்தப் பள்ளத்தில் வந்து தேங்கி, குளிர்காலத்தில் வேர் அழுகும். ஒரு மீட்டர் அகலத்துக்கு மண்ணைக் கிளறி, சரளை கலந்து, கொஞ்சம் மேடாக்கி அதன்மேல் வை. முதல் கோடையில் மழை இல்லாத வாரங்களில் ஒரு பத்து லிட்டர் வாளி ஒரே தடவையாக ஊற்று. தினமும் கொஞ்சம் தெளித்தால் வேர் மேலேயே நின்றுவிடும். இரண்டாம் வருடம் முதல் அதன் பாட்டுக்கு விட்டுவிடலாம். உரம் போட்டுக் கெடுக்காதே. தழைச்சத்து மிஞ்சினால் இலை மதமதவென்று வரும், பூ குறையும்.

ரகத்தில் என் ஓட்டு லாக்கின்ச்சுக்கு: வெள்ளி இலை, இளநீல ஊதாக் கதிர். அடர் ஊதா வேண்டுமென்றால் பிளாக் நைட். ஒயிட் புரொஃப்யூஷன் படத்தில் அழகாக இருக்கும், ஆனால் வெள்ளைப் பூ பழுப்பானால் அழுக்குத் துணி காயப்போட்டது மாதிரி தெரியும், சோம்பேறிகளுக்கு ஆகாது. முற்றத்தில் தொட்டியில் வைப்பதானால் 'பஸ்' (Buzz) என்ற பெயரில் விற்கும் குட்டை ரகம் நான்கடியோடு நிற்கும். நாற்பத்தைந்து சென்டிமீட்டர் தொட்டி, பீட் என்னும் சதுப்புக் கரி சேராத தொட்டிக் கலவை நான்கு பங்கு, சரளை ஒரு பங்கு. தொட்டிச் செடிக்கு வெயில் நாளில் தினமும் தண்ணீர் வேண்டும், பூக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தக்காளி உரமும் கொடுக்கலாம்.

பூச்சித் தொல்லை குறைவுதான். வறண்ட வெயிலில் இலை புள்ளி புள்ளியாக வெளிறினால் சிலந்திப்பேன்; இலையின் அடிப்பக்கம் நனையும்படி தண்ணீரைப் பீய்ச்சு. நுனி இலை கோணிக்கொண்டு ஓட்டை விழுந்தால் காப்சிட் நாவாய்ப்பூச்சி. அதற்காகப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். வெளிறிய உடம்பில் மஞ்சளும் கறுப்புமாகப் புள்ளி வைத்த புழு இலையைக் கடித்தால், அது முல்லீன் அந்துப்பூச்சி. மிஞ்சினால் கையால் எடு. எதற்காகவும் மருந்து அடிக்காதே; பட்டாம்பூச்சிக்கு வைத்த செடியில் பூச்சிமருந்து அடிப்பதைவிட அபத்தம் கிடையாது.

கார்டன் சென்டர்காரர் உனக்குச் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. பட்லியா தேன் மட்டும்தான் தரும். ரெட் அட்மிரல், பீகாக், ஸ்மால் டார்ட்டாய்ஸ்ஷெல் பட்டாம்பூச்சிகள் எல்லாம் கூட்டமாக வந்து குடிக்கும், ஆனால் இலையில் ஒரு முட்டைகூட வைக்காது. இந்த மூன்றின் புழுவும் தின்பது நெட்டில் இலை, நம் ஊர்ச் செந்தட்டி மாதிரி பட்டால் அரிக்குமே, அது. பெயின்டட் லேடி என்ற பட்டாம்பூச்சியின் புழுவுக்குத் திஸில் முள்செடி. உன் கொட்டகைக்குப் பின்னால் வெயில் படும் மூலையில் நெட்டில் இருப்பது படத்தில் தெரிகிறது. அதைப் பிடுங்காதே. பரவும் என்று பயந்தால் அடியில்லாத பெரிய வாளியைப் புதைத்து அதற்குள் அடக்கு. ஜூன் கடைசியில் புழு இல்லாத பாதியை மட்டும் தரையோடு வெட்டினால் இளம் இலை வரும், இரண்டாம் ஈட்டுக்கு வரும் பட்டாம்பூச்சி அதில்தான் முட்டை வைக்கும். பட்டர்ஃபிளை கன்சர்வேஷன் அமைப்பு ஜூலை நடுவில் தொடங்கி மூன்று வாரம் நாடு முழுக்க எண்ணிக்கை எடுக்கும். பதினைந்து நிமிடம் செடி முன்னால் உட்கார்ந்து எண்ணி அனுப்ப வேண்டியதுதான். உன் பெண்ணுக்குப் பிடிக்கும்.

மார்ச் கடைசிச் சனிக்கிழமை நாங்கள் அங்கே வருவதாக இருக்கிறோம். நீண்ட பிடி வைத்த கிளைவெட்டியும் ரம்பமும் என்னிடம் இருக்கின்றன, கொண்டு வருகிறேன், நீ வாங்காதே. லாக்கின்ச் வேண்டுமா என்று செல்வியிடம் கேட்டு எழுது. வேண்டுமென்றால் ஜூலையில் பூக்காத பக்கக் கிளையில் பத்து சென்டிமீட்டர் துண்டுகள் நறுக்கி, அடி இலைகளை உருவிவிட்டு, சரளை கலந்த தொட்டிக் கலவையில் ஊன்றி வைக்கிறேன். பட்லியாப் போத்து சுலபமாக வேர்விடும். அடுத்த ஏப்ரலில் நடக் கன்று கிடைக்கும், காசு கொடுத்து வாங்க வேண்டாம். குழாய்க்குப் பின்னால் உள்ளதை மட்டும் மறக்காமல் இந்த வாரம் பிடுங்கிவிடு.

அன்புடன்,
ரவி