புகார்: லேப்டாப் எப்படியோ போகட்டும், என் டிரைவை அழிக்காதீர்கள்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதும் நான்காவது கடிதம். முதல் மூன்றுக்கும் "உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம்" என்ற ஒரே பதில், அனுப்பிய அரை நிமிடத்துக்குள் வந்தது. இதையாவது யாராவது ஒரு மனிதர் திறந்து படியுங்கள். நாளை காலை உங்கள் சர்வீஸ் சென்டரில் என் லேப்டாப்பை ஃபார்மட் செய்யப் போவதாக எனக்குக் குறுஞ்செய்தி வந்திருக்கிறது. அதை நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

என்ன மாடல், எப்போது வாங்கியது என்பதெல்லாம் உங்கள் கணினியில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் சீரியல் எண்ணை முதலிலிருந்து கேட்டு எழுதிக்கொள்கிறீர்கள், அதனால் இருக்கும் என்று நம்புகிறேன். அந்த மாடலுக்கு உங்கள் சொந்தச் செயலியே பயாஸ் (லேப்டாப்பை முதலில் உயிர்ப்பிக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் வந்திருக்கிறது என்று சொன்னது. சார்ஜரைக் கழற்றாதே, அணைக்காதே என்றது. கழற்றவில்லை, அணைக்கவில்லை. கோடு கடைசிவரை ஓடி முடிந்தது. திரை கறுத்தது. அதோடு சரி. பவர் விளக்கு எரியும், ஃபேன் ஒரு நிமிடம் பேயாய்ச் சுற்றும், பிறகு அடங்கிவிடும். வெளியிலிருந்து ஒரு மானிட்டரைச் செருகிப் பார்த்தேன், அதிலும் ஒன்றும் தெரியவில்லை. கேப்ஸ் லாக் விளக்கு விட்டு விட்டு மின்னியது. அந்த மின்னலுக்கு என்ன பொருள் என்று உங்கள் கையேட்டிலேயே போட்டிருக்கிறீர்கள். நான் எண்ணிச் சொன்னதை உங்கள் ஆட்கள் ஒருவர்கூடக் குறித்துக்கொள்ளவில்லை.

முதலில் பேசியவர் சார்ஜரைக் கழற்றிவிட்டு பவர் பட்டனை முப்பது வினாடி அழுத்தச் சொன்னார். நல்ல யோசனைதான், சில நேரம் வேலை செய்யும் என்று எனக்கும் தெரியும். இரண்டாமவரும் அதையே சொன்னார். மூன்றாமவரும். நான்காவதாக வந்தவரிடம், மூன்று தடவை செய்தாகிவிட்டது என்றேன். "நான் சொல்லி நீங்கள் செய்யவில்லையே மேடம்" என்றார். செய்தேன். அவர் லைனில் காத்திருந்தார். முப்பது வினாடி இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

சரி, சர்வீஸ் சென்டருக்கு வருகிறேன். கவுண்டரில் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். பழுது பார்க்கும்போது தகவல்கள் போனால் நிறுவனம் பொறுப்பில்லை என்று அதில் பொடி எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழேயே என் கையால், "டிரைவைத் தொடக்கூடாது, அழிக்கக்கூடாது, எதுவானாலும் முதலில் என்னைக் கேட்க வேண்டும்" என்று எழுதித்தான் கையெழுத்துப் போட்டேன். அங்கிருந்த பையன் அதைப் படித்தான், தலையாட்டினான், முத்திரையும் குத்தினான். அதன் நகல் இந்தக் கடிதத்துடன் இணைப்பாக இருக்கிறது. இப்போது உங்கள் பதிவில் என்ன இருக்கிறது தெரியுமா? "வாடிக்கையாளர் ஃபார்மட் செய்யச் சம்மதித்தார்." எப்போது சம்மதித்தேன், யாரிடம் சம்மதித்தேன் என்று எழுத்தில் சொல்லுங்கள்.

அப்புறம் அந்தச் சனிக்கிழமை. "உங்கள் சாதனம் தயார், வந்து பெற்றுக்கொள்ளவும்" என்று செய்தி வந்தது. இருந்த வேலையை எல்லாம் போட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வந்தேன். ஒன்றே கால் மணி நேரம் டோக்கனோடு உட்கார்ந்திருந்தேன். கடைசியில், மாற்ற வேண்டிய மதர்போர்டு, அதாவது உள்ளே இருக்கும் முக்கியப் பலகை, இன்னும் வரவே இல்லையாம், அந்தச் செய்தி சிஸ்டம் தானாக அனுப்புவதாம். "அதை எல்லாம் பார்த்து வரக்கூடாது மேடம், ஒரு போன் போட்டுட்டு வரணும்." போன் போட்டால் எடுக்கிறீர்களா? நாற்பது நிமிடம் இசை கேட்ட நாளும் உண்டு. உங்கள் மெட்டு எனக்கு மனப்பாடம்.

மதர்போர்டு ஒரு வழியாக வந்தது, மாற்றினார்கள், இயந்திரம் உயிர்த்தது. அதற்கு நன்றி. நிஜமாகவே நன்றி. ஆனால் உயிர்த்ததும் நீலத் திரையில் பிட்லாக்கர், அதாவது டிரைவைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி, மீட்புச் சாவி கேட்டது. டெக்னீஷியன் என்னிடம், "டிஸ்க் கரப்ட் ஆயிடுச்சு" என்றார். கரப்ட் ஆகவில்லை ஐயா, பூட்டியிருக்கிறது. விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால் இப்படிப்பட்ட லேப்டாப்கள் டிரைவைத் தாமாகவே பூட்டிக்கொள்ளும். பூட்டு திறப்பதற்கான ரகசியம் பழைய மதர்போர்டில் இருந்த டிபிஎம் என்ற பாதுகாப்பு சிப்போடு கட்டப்பட்டிருந்தது. போர்டு மாறினால் புது சிப்புக்கு ஒன்றும் தெரியாது, நாற்பத்தெட்டு இலக்கச் சாவியைக் கேட்கத்தான் செய்யும். கேட்காமல் இருந்தால்தான் கோளாறு. வீட்டில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் படித்த எனக்கே இது புரிகிறது, இந்த லேப்டாப்பைச் செய்தவர்களுக்குப் புரியாமல் போகுமா? மாற்றுவதற்கு முன்பே, "சாவியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் மேடம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அந்தத் திரையை அப்போதே போனில் படம் பிடித்து வைத்தேன். வீட்டுக்கு வந்து என் மைக்ரோசாஃப்ட் கணக்கில் தேடினேன், சாவி கிடைத்தது. திரையில் இருந்த சாவியின் அடையாள எண்ணும் கணக்கில் இருந்ததும் ஒன்றுதான், எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறது. சந்தோஷத்தில் அழுதேவிட்டேன். உடனே கூப்பிட்டேன்.

இப்போது சொல்லப்போவதுதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. போனை எடுத்தவரின் பெயரைப் போடவில்லை, உங்கள் பதிவில் இருக்கும். சாவி கிடைத்துவிட்டது, அதைப் போட்டால் திறந்துவிடும் என்றேன். "நாற்பத்தெட்டு நம்பரை எல்லாம் உட்கார்ந்து தட்டிட்டிருக்க எங்களுக்கு நேரமில்லை மேடம்" என்றார். நானே வந்து தட்டுகிறேன் என்றேன். "கஸ்டமரை உள்ளே விட மாட்டோம்." கவுண்டருக்குக் கொண்டுவந்து வையுங்கள் என்றேன். "பேக்கப் எடுக்காதது உங்க தப்பு. மெஷின் எங்க பொறுப்பு, டேட்டா உங்க பொறுப்பு. ரீஇன்ஸ்டால் பண்ணித்தான் தருவோம்." நான் பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் யாரிடமோ, "இந்த அம்மா விடாது போலிருக்கு" என்றார். காதில் விழுந்தது. விட மாட்டேன்தான்.

பேக்கப் எடுத்திருக்க வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். எடுத்தும் இருந்தேன், ஆறு மாதம் முன்புவரை. அந்த ஆறு மாதத்தில்தான் நான் மொழிபெயர்த்து முடித்த புத்தகத்தின் பாதி இருக்கிறது. அதைக்கூட மறுபடி செய்துவிடலாம், முதுகு உடையும், அவ்வளவுதான். ஆனால் என் அப்பா படுத்த படுக்கையாக இருந்தபோது அவர் பேசிப் பதிவு செய்த பதினான்கு ஒலிப்பதிவுகள் அதில் இருக்கின்றன. சிறு வயதுக் கதைகள், பாதியில் வரும் இருமல், "அணைச்சிட்டியா?" என்று அவர் கேட்பது. அவர் இப்போது இல்லை. உங்கள் கம்பெனியையே விற்றாலும் அதில் ஒரு நிமிடத்துக்கு ஈடாகாது.

ஃபார்மட் செய்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் ஆட்கள் "அப்புறம் ரெகவரி சாஃப்ட்வேர் போட்டுக்கலாம்" என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள். பூட்டிய டிரைவை ஃபார்மட் செய்தால் அந்தப் பூட்டே போய்விடும். பிறகு என் சாவியை வைத்துக்கொண்டு நான் எதைத் திறப்பது? போதாததற்கு இது எஸ்எஸ்டி, சிப்புகளில் சேமிக்கும் டிரைவ். அழித்த இடங்களை டிரிம் கட்டளை துடைத்துவிடும். பழைய ஹார்டு டிஸ்க் என்றாலாவது தோண்டிப் பார்க்கலாம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. என்னை வரவிட்டு அந்த எண்களைத் தட்ட அனுமதியுங்கள், ஐந்து நிமிட வேலை. அது முடியாதென்றால் எஸ்எஸ்டியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு வேறு ஒன்றைப் போட்டு என்ன வேண்டுமானாலும் இன்ஸ்டால் செய்துகொள்ளுங்கள். உங்கள் மாடலில் அது போர்டோடு ஒட்டவைத்தது இல்லை, ஸ்லாட்டில் செருகி ஸ்க்ரூ போட்ட எம்.2 அட்டை. உங்கள் கையேட்டிலேயே படம் இருக்கிறது. ஒரு யூஎஸ்பி பெட்டியில் போட்டு வேறு கணினியில் என் சாவியால் நானே திறந்துகொள்வேன். உங்கள் உதவி அதற்கு வேண்டாம்.

உங்கள் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் இல்லை. இதற்கு முன் வாங்கிய லேப்டாப்பும் உங்களுடையதுதான், எட்டு வருடம் உழைத்தது. ஆனால் நாளை என் டிரைவ் அழிக்கப்பட்டால் நான் நேராக நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். கையெழுத்திட்ட தாளின் நகல், நீலத் திரையின் படம், குறுஞ்செய்திகள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. "பயிற்சிக்காக இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது" என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறீர்களே, அந்தப் பதிவுகளையும் அழிக்காமல் வையுங்கள். கேட்க வேண்டி வரும்.

நாளை காலை நீங்கள் கதவு திறக்கும்போது நான் வாசலில் நிற்பேன். சாவியைப் பெரிய எழுத்தில், ஆறு ஆறாகப் பிரித்து ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். தயவுசெய்து நான் வரும்வரை யாரும் என் லேப்டாப்பில் கையை வைக்க வேண்டாம் என்று இன்றிரவே அந்த சென்டருக்குச் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாடிக்கையாளர்

பி.கு.: லேப்டாப்போடு சார்ஜரையும் வாங்கி வைத்தீர்கள். உங்கள் ரசீதில் சார்ஜர் இல்லை என்று போட்டிருக்கிறது. அதையும் தேடி வையுங்கள்.