கண்ணாடி மறந்துவிட்டது

கண்ணா,

இதை நீ படிக்க வேண்டாம், கேட்டால் போதும். எழுதி முடித்ததும் நானே வாசித்துப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். வெறும் எழுத்தாக அனுப்பினால் நீ ராத்திரி பதினொரு மணிக்கு மேல் உட்கார்ந்து ஒரே வரியை மூன்று தடவை படிப்பாய் என்று எனக்குத் தெரியும். எழுதாமல் நேரே பேசினால் நான் அழுதுவிடுவேன், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். அதனால்தான் முதலில் எழுத்து.

நேற்று போனில் நீ சொன்னதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. டீம் லீடர் பொறுப்பு தருகிறார்கள், வேண்டாம் என்று சொல்லப்போகிறேன் என்றாய். ஏன் என்று கேட்டதற்கு, "வாராவாரம் ரிப்போர்ட் எழுதணும்மா, மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் பெரிய திரையில டைப் பண்ணணும்" என்றாய். அப்புறம் என் முழங்கால் வலியைப் பற்றிக் கேட்டுப் பேச்சை மாற்றிவிட்டாய். நானும் விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது, ஏனென்றால் இதே பேச்சை நான் முன்பே ஒரு தடவை கேட்டிருக்கிறேன், உன் அப்பாவின் வாயிலிருந்து.

அப்பாவுக்கும் உன்னை மாதிரியே டிஸ்லெக்சியா, படிப்பதிலும் எழுதுவதிலும் வருகிற இந்தச் சிரமம், இருந்தது. யாரும் சோதித்துச் சொன்னதில்லை, ஆனால் இருபது வருடம் கூடவே வாழ்ந்தவள் நான். வொர்க்‌ஷாப்பில் ஒரு மெஷின் ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் ஏதாவது ஒரு கவுண்டரில் படிவத்தை நீட்டினால் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டு, "கண்ணாடி மறந்துட்டேன், நீ எழுது" என்று என் பக்கம் தள்ளிவிடுவார். கண்ணாடி பையில்தான் இருக்கும். எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். அவருக்கு சூப்பர்வைசர் வேலை வந்தது. ஷிஃப்ட் முடிந்ததும் அன்றைக்கு நடந்ததை நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டிய வேலை அது. "பொறுப்பு அதிகம், இருக்கிற நிம்மதி போயிடும்" என்று மறுத்துவிட்டார். அவரிடம் தொழில் கற்றுக்கொண்ட பையன் ஒருவன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தான். நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

உன்னைச் சோதித்த நாளில் அந்த அம்மா எங்களிடம், குடும்பத்தில் வேறு யாருக்காவது படிப்பதில் எழுதுவதில் சிரமம் உண்டா என்று கேட்டார். டிஸ்லெக்சியா பெரும்பாலும் பரம்பரையாக வருவது, அதனால் எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். அப்பா என் பக்கத்து நாற்காலியில் இருந்தார். நான் சட்டென்று "இல்லை" என்றேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த "இல்லை"யை நான் திரும்ப எடுத்துக்கொள்ளாமலே அவர் போய்விட்டார்.

அப்புறம் அந்த இம்போசிஷன். உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு மறக்கவே இல்லை. மூன்றாம் வகுப்பு, சொல்வதெழுதுதலில் 'தொழிலாளி' தப்பாகிவிட்டது, ஐம்பது தடவை எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். நான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தபோது நீ நோட்டின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஐம்பது 'தெ' போட்டு வைத்திருந்தாய். அதன் பக்கத்தில் ஐம்பது 'ழி'. அப்புறம் 'ளா', கடைசியில் 'லி'. 'தெ' ஒன்றில்கூடப் பின்னால் துணைக்கால் இல்லை, லகரமும் ளகரமும் ஐம்பது வரியிலும் இடம் மாறியிருந்தன. ஏமாற்றுகிறாயா என்று கையில் அடித்தேன். நீ அழவில்லை, "நான் எழுதிட்டேனேம்மா" என்று மட்டும் சொன்னாய்.

அன்றைக்கு உனக்கு என்ன நடந்தது என்று புரிய எனக்கு வருடக்கணக்கில் ஆனது. நாலு எழுத்தையும் வரிசையாக மனசில் பிடித்து வைத்திருக்க உனக்கு முடியவில்லை, அதனால் ஒவ்வொன்றாக இறக்கி வைத்தாய். 'தொ' என்றால் காது முதலில் கேட்பது த் என்ற ஒலி, கண் முதலில் பார்ப்பதோ ஒற்றைக் கொம்பு, நடுவில் எழுத்து, பின்னால் துணைக்கால். மற்ற பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு கொஞ்ச நாளில் தானாக ஓட ஆரம்பித்துவிடுகிறது. உனக்கு ஒவ்வொரு தடவையும் புதிதாகப் போட வேண்டியிருந்தது. பேச்சு என்றால் குழந்தை சுற்றி இருப்பவர்களைக் கேட்டே கற்றுக்கொள்கிறது. எழுத்து மனிதனுக்கு வந்து ஐயாயிரம் வருடம் சொச்சம்தான் ஆகிறது, படிப்பதற்கென்று மூளையில் பிறவியிலேயே ஓர் இடம் கிடையாது. ஒலியைப் பிரிப்பது, அதை எழுத்தோடு சேர்ப்பது என்று வேறு வேலைகளுக்கு இருக்கும் பகுதிகளை இழுத்துக் கட்டித்தான் ஒவ்வொருவரும் படிக்கப் பழகுகிறோம். அந்தக் கட்டுமானம் உனக்கு வேறு மாதிரி அமைந்தது, அவ்வளவுதான். இதற்கும் அறிவுக்கும் சம்பந்தம் இல்லை, சோம்பலுக்கும் இல்லை.

கண்ணுக்கும் இல்லை. கலர் கண்ணாடி மாட்டினால் சரியாகும் என்று யாரோ சொல்ல, அதற்கும் உன்னை அலைய விட்டேன், கண் பயிற்சி என்று ஆறு மாதம். அமெரிக்காவின் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் கண் மருத்துவர்கள் சங்கமும் சேர்ந்து 2009-இல் வெளியிட்ட அறிக்கையில், டிஸ்லெக்சியாவுக்குக் கலர் லென்ஸும் கண் பயிற்சியும் உதவும் என்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள். அந்த ஆறு மாதம் ஒலியையும் எழுத்தையும் படிப்படியாகச் சேர்த்துச் சொல்லித் தருகிற ஒருவரிடம் போயிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

நேற்று இன்னொன்றும் சொன்னாய். "இப்போ படிக்கத்தான் செய்றேன், தப்பு இல்லாமத்தான் படிக்கிறேன், வேகம் மட்டும் இல்ல, இதைப் போய் டிஸ்லெக்சியான்னு சொல்லிக்கிட்டு திரியணுமா" என்று. கண்ணா, உன் வயதில் அது அப்படித்தான் இருக்கும். 2001-இல் இத்தாலி, பிரான்ஸ், பிரிட்டன் மூன்று நாடுகளிலும் டிஸ்லெக்சியா உள்ள கல்லூரி மாணவர்களை வைத்து ஓர் ஆராய்ச்சி நடந்தது. இத்தாலி மொழியில் எழுதியபடியே படிக்கலாம், ஆங்கிலம் மாதிரிக் குழப்பம் கிடையாது. அதனால் இத்தாலிக்காரர்கள் மற்ற இருவரையும்விடத் தப்பு குறைவாகப் படித்தார்கள். ஆனால் டிஸ்லெக்சியா இல்லாத தங்கள் நாட்டு மாணவர்களோடு வைத்துப் பார்த்தால் அவர்களும் பின்தங்கித்தான் இருந்தார்கள், படிக்கும்போது மூளையை ஸ்கேன் செய்து பார்த்தால் மூன்று நாட்டவருக்கும் இடது பக்கத்தில் அதே பகுதிதான் குறைவாக வேலை செய்தது. தப்பு வராததால் இல்லை என்றாகிவிடாது. நீ தப்பில்லாமல் அனுப்புகிற ஒரு மெயிலுக்குப் பின்னால் எத்தனை நிமிடம் போகிறது, சாயங்காலம் ஏன் தலை வலிக்கிறது என்று உனக்குத்தானே தெரியும். கூடவே டிஸ்கிராஃபியாவும், அதாவது கையால் எழுதுவதில் வருகிற சிரமமும், இருப்பதாக உன்னைச் சோதித்த ரிப்போர்ட்டில் எழுதியிருந்தது. இவை பல நேரம் ஜோடியாகத்தான் வரும். வாயால் அருவியாகக் கொட்டுகிற பிள்ளை பேனாவை எடுத்தால் மூன்று வரியில் நின்றுவிடுவான் என்று நான் சொல்லிச் சொல்லி ஆச்சரியப்பட்டது அதைத்தான்.

1896-இல் பிரிங்கிள் மோர்கன் என்ற டாக்டர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் பெர்சி என்ற பதினாலு வயதுப் பையனைப் பற்றி எழுதினார். தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதினவன். 7 என்று எண்ணாக எழுதினால் படிப்பான், அதையே சொல்லாக எழுதினால் படிக்க வராது, ஆனால் கணக்கு நன்றாகப் போடுவான். பாடம் முழுக்க வாய்வழியாகவே நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய வாத்தியார் சொன்னாராம். நூற்றுச் சொச்ச வருடத்துக்கு முன்னால் ஒரு வாத்தியாருக்குத் தெரிந்தது, பெற்ற எனக்குத் தெரியவில்லை.

அதனால் இந்தப் பொறுப்பை வேண்டாம் என்று சொல்லிவிடாதே. முதலில் உன் மேனேஜரிடம் போய் நேராகச் சொல். "ஸ்பெல்லிங்ல கொஞ்சம் வீக்" என்று சிரித்து மழுப்பாமல், பெயரைச் சொல்லியே சொல். ரிப்போர்ட்டை நான் பேசிப் பதிவு செய்து எழுத்தாக்கித் தருகிறேன், மீட்டிங்கில் டைப் செய்வதை வேறு ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும், படிக்க வேண்டியதை முந்தின நாளே அனுப்புங்கள் என்று என்ன வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல். ஐன்ஸ்டீனுக்கும் இருந்தது என்று சொல்லிக்கொண்டு வருபவர்களை நான் நம்புவதில்லை, அதற்குச் சரியான சான்று கிடையாது. ஆனால் 2017-இல் வேதியியலுக்கு நோபல் வாங்கிய ஜாக் டுபோஷே, சுவிட்சர்லாந்துக்காரர், தன் வாழ்க்கைக் குறிப்பிலேயே 1955-க்கு நேராக, வோ மாநிலத்தில் டிஸ்லெக்சியா என்று அதிகாரபூர்வமாகப் பதிவான முதல் ஆள் நான்தான் என்று எழுதி வைத்திருக்கிறார். எனக்குப் பிடித்தது நோபலைவிட அந்த வரிதான்.

எல்லாரும் புரிந்துகொள்வார்கள் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஒருத்தராவது உன்னை ஒரு படி இறக்கிப் பார்க்கத்தான் செய்வார், அது வலிக்கும். ஆனால் உன் அப்பா மறைத்து வாழ்ந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன், அந்த வலி ஒரு நாள்கூட ஓயவில்லை.

அவர் போன பிறகு பர்ஸைத் திறந்து பார்த்தேன். உன் சின்ன வயசுப் போட்டோவுக்குப் பின்னால் நாலாக மடித்த ஒரு துண்டுச் சீட்டு. ஒன்று, இரண்டு, மூன்று என்று இருபது வரைக்கும், அப்புறம் முப்பது, நாற்பது என்று தொண்ணூறு வரைக்கும், பிறகு நூறு, ஆயிரம் என்று சொல்லாக எழுதியிருந்தது. செக் எழுதும்போது பார்த்து எழுதத்தான். அது என் கையெழுத்து கிடையாது, அவருடையதும் கிடையாது. யாரோ ஒருவரிடம், நான் இல்லாத நேரத்தில், கேட்டு எழுதி வாங்கியிருக்கிறார். மடிப்பில் கிழிந்து டேப் ஒட்டியிருந்தது. 'எட்டு', 'எழுபது' இரண்டின் அடியிலும் பேனாவால் கோடு.

அது இப்போது என்னிடம்தான் இருக்கிறது. நீ வரும்போது தருகிறேன். வெள்ளிக்கிழமை அவர்களுக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் எனக்கு ஒரு போன் பண்ணு, எந்த நேரமானாலும் பரவாயில்லை.

அம்மா