முடக்குவாத ஆய்வுப் பதிவேட்டுக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

வணக்கம். முடக்குவாதத்தோடும் லூபஸ், ஷோக்ரென் போன்ற தன்னுடல் தாக்கு நோய்களோடும் வாழ்பவர்கள், அவர்தம் குடும்பத்தார், சிகிச்சை அளிக்கும் மருத்துவர்கள் ஆகியோர் கூடி அமைத்த குழுவின் சார்பில் இதை எழுதுகிறோம். இந்நோய்கள் புதிதாகக் கண்டறியப்பட்டவர்களை, முதல் மாத்திரை விழுங்கும் முன்பே பதிவுசெய்து, ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வுப் பதிவேடு ஒன்றையும், அதனோடு இணைந்த இரத்த மாதிரிக் காப்பகத்தையும் தொடங்கவிருக்கிறோம். அதற்கு உங்கள் பொருளுதவியை வேண்டுகிறோம்.

முடக்குவாதம் முதுமையில் வரும் மூட்டுத் தேய்மானம் அன்று; இதை இன்றும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே மூட்டின் உட்சவ்வைப் பகையாகக் கருதித் தாக்குவதால், அந்தச் சவ்வு வீங்கித் தடித்துக் குருத்தெலும்பையும் எலும்பையும் அரித்துவிடுகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு மிகுதியாக வரும் இந்நோய், பிள்ளை வளர்க்கும் வயதையும் விட்டுவைப்பதில்லை. எங்கள் குழுவில் உள்ள அம்மையார் ஒருவர், விடியற்காலையில் விரல்கள் மடங்க மறுப்பதால், வெதுவெதுப்பான நீரில் இரு கைகளையும் அரை மணி நேரம் அமிழ்த்தி வைத்த பிறகே குழந்தையின் சட்டைக்குப் பொத்தான் போடுகிறார்.

மருந்தே இல்லையோ என்று எவரும் அஞ்ச வேண்டாம். 1980களின் ஆய்வுகள் மெத்தோட்ரெக்சேட் என்னும் மருந்தின் பயனை உறுதிசெய்தன. 1992இல் இலண்டன் சாரிங் கிராஸ் மருத்துவமனையில் மைனி, ஃபெல்ட்மன் என்னும் ஆய்வாளர்கள் டிஎன்எஃப் என்னும் அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் ஊசியை முடக்குவாத நோயாளிகளுக்கு முதன்முதலாகச் செலுத்தி, புதிய சிகிச்சை முறைக்கே வழி திறந்தனர். ஆனால் எந்த மருந்து யாருக்குக் கேட்கும் என்பதை முன்கூட்டியே நம்பிக்கையாகச் சொல்லும் பரிசோதனை அன்றாடச் சிகிச்சையில் இன்னும் இல்லை. ஒன்றைத் தொடங்கி, ஏறத்தாழ மூன்று மாதம் பார்த்து, கேட்கவில்லையென்றால் அடுத்ததற்கு மாறுகிறோம். அதற்குள் அரிக்கப்பட்ட எலும்பு பழைய வடிவுக்குத் திரும்புவது அரிது.

எந்த மருந்து யாருக்குக் கேட்கும் என்னும் இந்தக் கேள்விக்கே எங்கள் பதிவேடு விடை தேடுகிறது; அதற்கு மருந்து நிறுவனங்களின் பணத்தை மட்டும் நம்பியிருக்க இயலாது. காப்புரிமை முடிந்த மலிவான மாத்திரைகளை ஆராய்வதில் அவர்களுக்கு ஆதாயம் குறைவு. மெத்தோட்ரெக்சேட் மட்டும் போதாதிருந்த 353 பேரிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வு ஒன்று, அதனுடன் சல்ஃபாசலசின், ஹைட்ராக்சிகுளோரோகுயின் ஆகிய பழைய மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுப்பது, விலையுயர்ந்த எட்டனர்செப்ட் ஊசியைச் சேர்ப்பதற்குச் சளைத்ததன்று என்று காட்டியது. அதற்குப் பொதுப்பணம் துணைநின்றது. எங்கள் நம்பிக்கைக்கு அதுவே பெரிய ஆதாரம்.

நன்கொடையின் பெரும்பகுதி மனித உழைப்புக்கே செலவாகும். ஒவ்வொரு வருகையிலும் பயிற்சி பெற்ற செவிலியர் தம் கட்டைவிரல் நகம் வெளுக்கும் அளவுக்கு, வழக்கமாகச் சோதிக்கப்படும் 28 மூட்டுகளையும் ஒவ்வொன்றாக அழுத்தி, வலிக்கிறதா என்று கேட்டு, வீக்கத்தையும் வலியையும் தனித்தனியே குறிக்க வேண்டும். எவரும் அவசரப்படுத்தக் கூடாத வேலை இது. எஞ்சியது, மாதிரிகளை மைனஸ் 80 பாகை செல்சியசில் காக்கும் உறைபெட்டிக்கும், வலியோடு வந்துபோகும் பங்கேற்பாளர்களின் பயணச் செலவுக்கும் உரியது.

நன்னெறிக் குழுவின் ஒப்புதலும் பங்கேற்பாளரின் எழுத்துமூலச் சம்மதமும் இன்றி ஒரு துளி இரத்தமும் எடுக்கப்படாது. நன்கொடையாளர் எவருக்கும், தொகை எவ்வளவு பெரிதாயினும், ஆய்வின் முடிவில் தலையிட உரிமை இல்லை. முடிவு எங்கள் எதிர்பார்ப்புக்கு மாறாக அமைந்தாலும் வெளியிடுவோம். தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கை ஆண்டுதோறும் உங்களுக்கு அனுப்புவோம்.

ஒரே தொகையாகவோ மாதந்தோறும் சிறு தொகையாகவோ தரலாம். மாத நன்கொடை எங்களுக்குக் கூடுதல் துணை, ஏனெனில் செவிலியரின் ஊதியத்தை ஐந்து ஆண்டுகளும் தடையின்றித் தர வேண்டும். பணம் தர இயலாதவர்கள், தமக்கோ தம் வீட்டாருக்கோ அண்மையில் இந்நோய் கண்டறியப்பட்டிருந்தால், சிகிச்சையைத் தள்ளிப்போடாமல், தம் மருத்துவர் வழியாக உடனே எங்களுக்குத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
ஆய்வுப் பதிவேட்டுக் குழுவினர்