பழைய கார்டுக்கு இன்னும் கணக்குப் போடத் தெரியும்

கிராபிக்ஸ் கார்டு நிறுவனங்களின் டிரைவர், கம்பைலர் குழுவினருக்கு,

வணக்கம்.

போன மாதம் ஒரு மாலை, ஆயிரக்கணக்கான படங்களில் இரைச்சலை நீக்கும் நிரல் ஒன்றை என் பழைய கிராபிக்ஸ் கார்டில் ஓடவிட்டேன். கார்டைக் கண்டுபிடித்தது, நினைவகத்தை ஒதுக்கியது, முதல் கணக்கைத் தொடங்கும் இடத்தில் நின்றுவிட்டது. இந்தக் கார்டில் ஓடக்கூடிய கர்னல் (கார்டுக்குள் கணக்கைச் செய்யும் சிறு நிரல்) இல்லை என்று ஒரே ஒரு வரி. கார்டுதான் பழுதாகிவிட்டதோ என்று பயந்தேன். தேடிப் பார்த்தால், அந்த நிரல் நம்பியிருந்த நூலகத்தின் புதிய பதிப்பில் என் கார்டின் தலைமுறையைப் பட்டியலிலிருந்தே எடுத்திருந்தார்கள். மூல நிரலை இறக்கி, பில்ட் கோப்பில் அந்தத் தலைமுறையின் எண்ணை மறுபடி சேர்த்து, இரவு முழுக்க கம்பைல் ஆகவிட்டேன், அதாவது கார்டுக்குப் புரியும் கட்டளைகளாக மாறவிட்டேன். காலையில் ஓடியது. நூறு படங்களை எடுத்து, பிராசசர் தந்த விடைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். எல்லாம் சரி.

என் கம்பைலருக்கு அந்தத் தலைமுறை இன்னும் தெரிந்திருந்ததால்தான் இது நடந்தது. அடுத்த பதிப்பில் அதையும் எடுத்துவிட்டால் எந்த எண்ணைச் சேர்த்தும் பயனில்லை.

உங்கள் பக்க நியாயமும் எனக்குப் புரிகிறது. ஒவ்வொரு தலைமுறைக்கும் தனித்தனியாகச் சோதனை, பிழைதிருத்தம், ஆள்பலம் வேண்டும். பழைய கார்டுகள் மின்சாரம் அதிகம் இழுக்கும். பலவற்றில் 16 பிட் கணக்கு வேகமாக நடக்காது. ஆனால் நிறைய வேலைகளில் தட்டுப்பாடு கணக்கிடும் திறனில் வருவதில்லை, நினைவகத்திலிருந்து எண்களைக் கொண்டுவரும் வேகத்தில்தான் வருகிறது. நினைவகத்துக்குப் போகும் பாதையான பஸ் 256 பிட் அகலமும், ஒவ்வொரு பிட்டுக்கும் நொடிக்கு 8 ஜிகாபிட் வேகமும் உள்ள ஜிடிடிஆர்5 நினைவகக் கார்டு நொடிக்கு 256 ஜிகாபைட் நகர்த்தும். பிராசசர் பயன்படுத்தும் இரட்டைச் சேனல் டிடிஆர்4-3200 நினைவகத்துக்கு எல்லை 51.2 ஜிகாபைட். ஐந்து மடங்கு! இப்படிப்பட்ட கார்டைக் குப்பை என்று எப்படிச் சொல்வது?

கிராபிக்ஸ் கார்டில் பொதுக் கணக்குப் போட என்விடியா தந்த குடா 2007-ல் வருவதற்கு முன்பு, எண்களை டெக்ஸ்ச்சர் என்ற படத்தில் நிறங்களாக ஒளித்துவைத்து, திரை முழுக்க ஒரு செவ்வகம் வரையச் சொல்லி, ஒவ்வொரு பிக்சலின் நிறத்தையும் தீர்மானிக்கும் பிக்சல் ஷேடர் நிரலுக்குள் கணக்கை நடத்தினார்கள். சிவப்பு, பச்சை, நீலம், ஆல்பா என்று ஒரு பிக்சலுக்கு நான்கு எண்கள். விடையைப் படமாகவே திரும்பப் படித்துக்கொள்ள வேண்டும். பொதுக் கணக்குகளுக்கு இந்தச் சில்லுகள் உதவும் என்று காட்டியதில் அந்தப் பாடுபட்டவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அவர்கள் கையில் இருந்ததும் விளையாட்டுக்காக விற்ற கார்டுகள்தான்.

அதனால் கேட்கிறேன். முன்பே கம்பைல் செய்து தரும் ஆயத்தத் தொகுப்பில் பழைய தலைமுறையைச் சேர்க்க முடியாவிட்டால் போகட்டும், மூல நிரலில் அந்தப் பாதையை அழிக்காதீர்கள். ஆதரவை நிறுத்தும் நாளில், கடைசியாக வேலைசெய்த டிரைவரும் கம்பைலரும் எவை, எந்த இயங்குதளப் பதிப்போடு ஒத்துப்போகும் என்று ஒரே பக்கத்தில் எழுதி, இறக்குவதற்கு வசதியாக அங்கேயே வையுங்கள். எந்த நிறுவனத்தின் கார்டிலும் கணக்கை ஓட்ட உதவும் பொதுத் தரங்களான வல்கன், ஓபன்சிஎல் இரண்டையும் கடைசிவரை விட்டுவைத்தாலே எங்களுக்குப் பாதி வழி திறந்திருக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், சில்லுக்குப் புரியும் கட்டளைகளை விளக்கும் கட்டளைத் தொகுப்பு ஆவணம். ஏஎம்டி நிறுவனம் ஜிசிஎன் என்ற தன் சில்லு வடிவமைப்பில் வந்த கார்டுகளுக்கு அதை வெளியிட்டது. 2012-ஐ ஒட்டி வந்த அந்தக் கார்டுகளிலும் மெசா என்ற திறந்த மூலக் குழுவின் டிரைவர் வழியாக வல்கன் கம்ப்யூட் (வல்கனில் எழுதிய பொதுக் கணக்கு) ஓடுகிறது. மற்ற தலைமுறைகளுக்கும் அதே ஆவணத்தைக் கொடுங்கள். நீங்கள் நிறுத்தும் இடத்திலிருந்து மீதி வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
பழைய கார்டில் கணக்குப் போடும் ஒருவர்