மதுரை செல்லூர் மைதானச் சுவருக்குக் கைகொடுத்த அத்தனை பேருக்கும்

செல்லூர்க்காரர்களுக்கும், வெளியூரில் இருந்துகொண்டே உதவியவர்களுக்கும் வணக்கம்.

நம்ம மைதானச் சுவரில் எழுத்து வேலை முடிந்துவிட்டது. இந்திய இளையோர் கால்பந்து அணிகள், பையன்கள் அணியும் சரி, பெண் பிள்ளைகள் அணியும் சரி, வெளிநாட்டு அணிகளோடு மோதிய முக்கியமான ஆட்டங்கள் ஆண்டு, ஊர், கோல் கணக்கோடு அங்கே இருக்கின்றன. பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் பையை ஓரமாக வைத்துவிட்டு முதலில் அதைத்தான் படிக்கிறார்கள். உதவியவர்களில் பலர், "இதுக்கெல்லாம் எதுக்குப்பா நன்றி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. அதனால் எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

முதல் நன்றி கபடிக்காரர்களுக்கு. செல்லூர் என்றால் கபடி. ரவுண்டானாவில் நிற்பதே கபடி வீரர்கள் சிலைதான். அப்படிப்பட்ட ஊரில் மாலை நேரத்தில் பாதி மைதானத்தைக் கால்பந்துக்கு விட்டுக்கொடுப்பது சின்ன விஷயம் இல்லை. அதுவரை எங்கள் பிள்ளைகள் வைகை மணலில் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டால் ஆட்டமும் நின்றுபோகும். சுவரைக் கேட்டபோதும் கபடி அண்ணன்கள் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. பழைய போஸ்டர்களைச் சுரண்டி எடுக்க அவர்களே வந்து நின்றார்கள்.

ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர் ஐயாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நான் 2017 இளையோர் உலகக் கோப்பையிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றிருந்தேன். "1974-ஐ விட்டுட்டு என்னத்தடா எழுதப்போற?" என்று கேட்டார். அந்த ஆண்டு பாங்காக்கில் நடந்த ஆசிய இளையோர் போட்டியின் இறுதி ஆட்டத்தில் இந்தியாவும் ஈரானும் 2-2 என்று சமமாக முடித்து, கோப்பையைப் பகிர்ந்துகொண்டன. ஷபீர் அலி தலைமையில் ஆடிய அணி அது. நம் நாடு ஆசியாவின் இளையோர் சாம்பியனாக இருந்தது என்று சொன்னதும் பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதுதான் இப்போது சுவரின் முதல் வரி.

அப்புறம் பெயிண்டர் அண்ணன். தேர்தல் சமயத்தில் இவர் கையெழுத்து இல்லாத தெரு நம்ம பக்கம் கிடையாது. நீலப்பொடி தடவிய நூலை இரண்டு பிள்ளைகளை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, நடுவில் ஒரு சுண்டு சுண்டுவார். சுவரில் நேர்கோடு விழும். கால்பந்து பற்றி எதுவும் தெரியாது என்றுதான் வந்தார். 2017 பகுதிக்கு வந்தபோது தூரிகையைக் கீழே வைத்துவிட்டுக் கதை கேட்க ஆரம்பித்துவிட்டார்.

இந்திய ஆண்கள் அணி ஒன்று ஃபிஃபா உலகக் கோப்பையில் ஆடியது அதுதான் முதல் தடவை. 17 வயதுக்குட்பட்டோர் போட்டியை நாமே நடத்தியதால் கிடைத்த இடம். அக்டோபரில், டெல்லியில், மூன்று ஆட்டம். அமெரிக்காவிடம் 0-3. கொலம்பியாவோடு ஆடும்போது 82-வது நிமிடத்தில் பெங்களூருப் பையன் சஞ்சீவ் ஸ்டாலின் கார்னர் அடிக்க, மணிப்பூரின் ஜீக்சன் சிங் எம்பித் தலையால் முட்டினார். உலகக் கோப்பையில் இந்தியாவின் முதல் கோல். 1-1. அடுத்த நிமிடமே கொலம்பியா இன்னொரு கோல் போட்டுவிட்டது. கடைசியாகக் கானாவிடம் 0-4. பெயிண்டர் அண்ணன் 82-ஐ எழுதினார், அதன் கீழேயே 83-ஐயும் எழுதினார். "ஒரு நிமிசம் கூட சந்தோசமா இருக்க விடலையேப்பா" என்றார்.

அந்த இடத்தில்தான் பேச்சு வந்தது. தோற்றதை எதற்குச் சுவரில் எழுத வேண்டும், பிள்ளைகள் மனசு விட்டுப்போகும் என்று சிலர் அக்கறையோடுதான் கேட்டார்கள். அந்த அக்கறைக்கும் நன்றி. ஆனால் எங்கள் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை போட்டிகளில் தோற்றுவிட்டு வருகிறவர்கள். தேசிய அணியும் அப்படித் தோற்று, மறுபடி வந்து நின்றது என்பதை அவர்கள் பார்க்க வேண்டும். ஜெயித்ததற்கும் தோற்றதற்கும் ஒரே அளவு எழுத்து என்று முடிவானது.

2018 பகுதியைப் பிள்ளைகளே பார்த்துக்கொண்டார்கள். ஸ்பெயினில் நடந்த கோட்டிஃப் என்னும் இளையோர் கால்பந்துப் போட்டியில் 20 வயதுக்குட்பட்ட இந்திய அணி அர்ஜென்டினாவின் அதே வயது அணியை 2-1 என்று வென்றது. தீபக் டாங்ரி ஆரம்பத்திலேயே ஒரு கோல்; நம் அணியில் ஒருவர் ரெட் கார்டு வாங்கி, பத்து பேராக ஆன பிறகு அன்வர் அலி ஃப்ரீ கிக்கில் இன்னொன்று. எதிரணிக்குப் பயிற்சியாளர் லியோனல் ஸ்கலோனி, பின்னாளில் மெஸ்ஸி அணிக்கு 2022 உலகக் கோப்பையை வாங்கித் தந்தவர். இதைக் கேட்ட மெஸ்ஸி ரசிகர்கள் இரண்டு பேர், அந்த வரிக்கு நாங்கள்தான் வண்ணம் கொடுப்போம் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அதே ஆண்டு மலேசியாவில் 16 வயதுக்குட்பட்டோர் ஆசியப் போட்டியின் காலிறுதியில் தென்கொரியாவிடம் 0-1. அதில் ஜெயித்திருந்தால் உலகக் கோப்பைக்கே போயிருக்கலாம். எனக்கு இன்னும் ஆறவில்லை.

பெண் பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்பும் அம்மாக்களுக்குத் தனியாக ஒரு கும்பிடு. 2022-ல் பெண்கள் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையும் நம் நாட்டில்தான் நடந்தது. புவனேஸ்வரில் ஆடிய மூன்றிலும் தோல்வி: அமெரிக்காவிடம் 0-8, மொராக்கோவிடம் 0-3, பிரேசிலிடம் 0-5. அந்த எட்டை எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை. எங்கள் கோல்கீப்பர் பிள்ளைதான், "எழுதுங்க சார், அந்தக் கோல்போஸ்ட்ல நின்ன அக்கா யாருன்னு எனக்குத் தெரியணும்" என்றாள். எழுதிவிட்டோம். அதற்குக் கீழே, 2025 ஆகஸ்ட்டில் 20 வயதுக்குட்பட்ட பெண்கள் அணி மியான்மரை 1-0 என வென்று, இருபது ஆண்டுகளுக்குப் பிறகு ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றதும் இருக்கிறது. நம்ம மதுரை கிளப் சேது எஃப்.சி. 2019-ல் இந்தியப் பெண்கள் லீக் பட்டத்தை வென்றதையும் சேர்க்கச் சொன்னார்கள். இது தேசிய அணிகளுக்கான சுவர் என்பதால் முடியவில்லை. ஆனால் அந்த ஆசையில் தப்பே இல்லை.

டீக்கடை அண்ணனை மறந்தால் சாமி குத்தம். 2025 நவம்பர் கடைசியில் அகமதாபாத்தில் 17 வயதுக்குட்பட்ட பையன்கள் ஈரானை எதிர்கொண்டபோது, கடை டிவியில் ஆட்டத்தைப் போட்டுவிட்டு, பிள்ளைகளுக்கு பெஞ்சை விட்டுக்கொடுத்துப் பெரியவர்களை நிற்க வைத்தார். முதல் கோல் ஈரான் போட்டது. அப்புறம் பெனால்டியில் ஒன்று, இடைவேளைக்குப் பிறகு ஒன்று என்று நம் பையன்கள் 2-1 ஆக்கி, ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றுவிட்டார்கள். கடைசி நிமிடங்களில் கடையில் ஒருவரும் டீ கேட்கவில்லை. பாங்காக்கில் கோப்பையைப் பகிர்ந்துகொண்ட அதே ஈரான் என்று ஆசிரியர் ஐயா எடுத்துச்சொல்ல, மறுநாளே அந்த வரியும் சுவரில் ஏறியது.

இன்னும் பெயிண்டும் பிரைமரும் கடனுக்குத் தந்து பிறகு கணக்கே கேட்காத ஹார்டுவேர் கடைக்காரர், சாரத்துக்குக் கம்பும் கயிறும் கொடுத்த பந்தல்காரர், துபாயிலிருந்து பணம் அனுப்பிய எங்கள் பழைய ஆட்டக்காரர்கள், தினமும் குடிநீர் கொண்டுவந்து வைத்த எதிர்வீட்டு அக்கா, எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பெயர் போட வேண்டாம் என்று நீங்கள் கேட்டுக்கொண்டதால்தான் யார் பெயரையும் எழுதவில்லை. சாயங்காலம் ஒரு நடை வந்து சுவரைப் பார்த்துவிட்டுப் போங்கள். படித்துக் காட்டப் பிள்ளைகள் இருப்பார்கள்.

அன்புடன்,
செல்லூர்க் கால்பந்துப் பிள்ளைகள் சார்பில், அவர்களின் பயிற்சியாளர்