'பாக்கி ஆகாது' என்று எழுதி வாங்குங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வியாபாரம் படுத்துவிட்ட கடைகளுக்குக் கட்டடக்காரர்கள் மனமிரங்கி வாடகையைக் குறைக்க வேண்டும் என்று சென்ற இதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். இரக்கத்தை நம்பிக் கடை நடத்த முடியாது என்பது நான் பட்டு அறிந்தது.

கோயம்பேடு பேருந்து நிலையத்துக்கு அருகே பைக்கடை வைத்திருக்கிறேன். சூட்கேஸ், தோள்பை, பூட்டு எல்லாமே பஸ் ஏறப் போகிறவர் கடைசி நிமிடத்தில் வாங்கும் சரக்கு. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் நிலையம் திறந்தது. அடுத்த மாதத்துக்குள் தென்மாவட்டப் பேருந்துகளில் பெரும்பாலானவை அங்கே போய்விட்டன. பிப்ரவரியில் ஒரு நாள் காலை ஏழிலிருந்து இரவு பத்து வரை உட்கார்ந்து இரண்டு பையும் ஒரு பூட்டும் விற்றேன்.

வாடகை 28,000 ரூபாய். கட்டடக்காரரிடம் புலம்பவில்லை, இரண்டு ஆண்டுகளின் பிப்ரவரிக் கணக்கு நோட்டுகளை அவர் முன் விரித்து வைத்தேன். எங்கள் வரிசையில் ஷட்டர் இறங்கிக் கிடந்த மூன்று கடைகளை அவரே பார்த்திருந்தார். நான் காலி செய்தால் பத்து மாத அட்வான்ஸ் 2,80,000 ரூபாயை அவர் எடுத்து வைக்க வேண்டும். அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

"இன்று இறக்கினால் நாளைக்கு ஏற்ற விடமாட்டீர்கள். பக்கத்துக் கடைக்காரரும் வந்து நிற்பார்" என்றார். 2022-இல் வணிகக் கட்டடங்களுக்குச் சொத்து வரி பெரிதாக உயர்ந்ததையும் சொன்னார். அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. ஆகவே ஒப்பந்தத்தில் 28,000 அப்படியே இருக்கட்டும். 2024 மார்ச் முதல் ஓராண்டுக்கு மட்டும் 20,000. குறைத்த தொகை பாக்கி ஆகாது என்று தனித்தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டோம்.

அந்தக் கடைசி வரிக்காக நான் பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் உண்டு. அடுத்த கட்டடத்து ஜெராக்ஸ் கடைக்காரரிடம் மாதம் 6,000 குறைத்துக்கொள்ளச் சொன்ன அவருடைய கட்டடக்காரர், எல்லாம் வாய்ப்பேச்சிலேயே சொன்னார். பத்து மாதம் கழித்துக் கடைக்காரர் காலி செய்தபோது 60,000 ரூபாயை 'வாடகை பாக்கி' என்று கட்டடக்காரர் அட்வான்ஸில் கழித்துக்கொண்டார். காட்டுவதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்று சொல்லும் சட்டம் 2019 பிப்ரவரி முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. எங்கள் தெருவில் எத்தனை பேர் பதிந்திருக்கிறார்கள் என்று கேட்டால் சிரிக்கிறார்கள்.

இடையில் வரி வேறு. ஜி.எஸ்.டி. பதிவில்லாத கட்டடக்காரருக்காக, பதிவுள்ள வாடகைதாரரே 18% கட்ட வேண்டும் என்று 2024 அக்டோபர் 10 முதல் வந்தது. நான் காம்போசிஷன் முறையில், அதாவது விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் செலுத்தும் சிறு வணிகர் முறையில், வரி கட்டுகிறவன். வாடகைக்குக் கட்டும் அந்த 18 சதவீதத்தை என் விற்பனை வரியில் கழித்துக்கொள்ளவும் வழியில்லை. மாதம் 3,600 கூடுதல். எங்களைப் போன்றவர்களுக்கு 2025 ஜனவரி 16-இல்தான் விலக்குக் கிடைத்தது. வாடகை பேசும்போது இதையும் கணக்கில் சேர்த்துப் பேச வேண்டும்.

வணிகர் சங்கங்கள் ஆண்டுதோறும் காலண்டர் அச்சிடுகின்றன. கூடவே இப்படி ஒரு பக்கச் சலுகைப் படிவத்தையும் அச்சிட்டுக் கொடுத்தால் என்ன?

ஓராண்டு முடிந்ததும், 2025 மார்ச்சில், அதே தாளின் அடியில் 24,000 என்று எழுதி மறுபடியும் கையெழுத்திட்டோம். அவர் 25,000 கேட்டார், நான் 24,000-க்கு ஒப்புக்கொண்டேன்.

இப்படிக்கு,
கோயம்பேடு வாசகர்,
சென்னை.